சிங்கப்பூர் முனியப்பன்

எழுபதுகளில் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து யாரும் சிங்கப்பூருக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. நாங்களும் அதற்காகப் போகவில்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமன், அங்கே வேலைக்குப் போய் வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. "அவனைக் கையோட கூட்டீட்டு வந்தாத்தான் எம்மூஞ்சில முழிக்கோணும்" என்று அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, சொல்லிவிட்டார். பெண்கூடப் பார்த்து வைத்தாயிற்று. அப்புச்சி சொல்லுக்கு எங்கள் ஊட்டில் மறுசொல் கிடையாது. அப்பா, அம்மா, ஏழு வயது நான், மூவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம்.

மாமனோ பிடி கொடுக்கவில்லை. அம்மா ஊருக்கு வரும் பேச்சை எடுத்தாலே, "நாளைக்கு ஒரு எடம் காட்டறேன்க்கா" என்பார். அப்படிக் காட்டிய இடம்தான் அந்தப் பொம்மைத் தோட்டம். குன்றுச் சரிவு முழுக்கச் சிமெண்டில் செய்து, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிய பெரிய பெரிய உருவங்கள். மாமனோடு வேலை பார்க்கிறவள் என்று ஒரு சீனத்து அக்காவும் கூட வந்திருந்தாள்.

வாசலில் மீசையும் கத்தியுமாக இரண்டாள் உயரத்துக்கு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. பார்த்ததுமே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். "ஏனுங்க, நீங்களும் கழட்டுங்க."

"அக்கா, இது வெறும் பொம்மைக்கா," என்றார் மாமன்.

"கத்தி புடிச்சு முழிச்சுப் பாக்கறது முனியப்பனில்லாம பின்ன ஆரு? எங்கப்பனா?"

"கெடா வெட்டோணும்னு சொல்லாம உட்டயே, அது வரைக்கும் சந்தோசம்," என்று முனகியபடி அப்பா கழற்றினார். சீனத்து அக்கா ஒன்றும் கேட்காமல் தன் செருப்பைக் கழற்றினாள். மாமன் அதை எடுத்துத் தன் செருப்போடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

உச்சி வெயில். சிமெண்டுத் தரை அடுப்புக்கல்லாகக் கொதித்தது. நான் குதிகுதியென்று குதித்தேன். அந்த அக்கா சட்டென்று என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சுடுதா கண்ணு?" என்றாள்.

அப்படியே எங்க ஊட்டுப் பேச்சு! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. அவளையே பார்த்தாள். பிறகு தம்பியின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். தன் பாதம் சுடுவதைக்கூடக் காட்டிக்கொள்ளாமல் அந்த அக்கா என்னைச் சுமந்து நின்றாள்.

"சரி, பூப்போட்டுப் பாத்தரலாம்," என்றாள் அம்மா திடீரென்று. ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் அப்படித்தான். வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செகப்புப்பூ ஒரு பொட்டணம். சாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். "வெள்ளை வந்தா இவன் நம்மகூடக் கெளம்பறான். செகப்பு வந்தா இங்கயே இருக்கட்டும். அப்புறம் ஆரும் ஒண்ணும் பேசப்படாது."

வேலியோரம் இட்லிப்பூ இரண்டு நிறத்திலும் பூத்திருந்தது. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கடலை வாங்கிய காகிதத்தைக் கிழித்துத் தானே மடித்தாள். முனியப்பன் காலடியில் இரண்டையும் வைத்தாள். மாமனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

செகப்பு.

மாமன் அங்கேயே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "சாமி உத்தரவு. உங்க மாமனாருக்கு நீங்களே சொல்லீருங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா தன் தலையிலிருந்த பூவை எடுத்து அந்த அக்காவுக்கு வைத்துவிட்டாள். அந்தச் சந்தடியில் மிச்சப் பொட்டணத்தை நான் விளையாட எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். அதிலும் செகப்பு. அம்மா வெடுக்கென்று பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள்.

ஊர் திரும்பும் கப்பல் கிளம்பியபோது கரையில் மாமனும் அந்த அக்காவும் கையசைத்தார்கள். கரை மறைந்த பிறகும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தோற்றுப்போன ஆத்திரம் என்றுதான் நினைத்தேன்.

"அழுகாதம்மா," என்றேன். "நீ வெள்ளைப்பூ வெக்க மறந்துட்டே. அடுத்த தடவ மறக்காம வெய்யி, நான் சரியா எடுத்துத் தர்றேன்."

அம்மா என் வாயைப் பொத்தி, பின்னால் அப்பா தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.