சுப காரியங்களுக்கு மட்டும்

நாச்சிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் காலனியின் வாட்ஸ்ஆப் குரூப்பில்தான் வந்தது. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகன் பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டே வரி போட்டிருந்தான். அதற்கு மேலே, மூன்றாவது தெருவில் இன்றும் குப்பை எடுக்கவில்லை என்று ஒரு புகார். கீழே ஒன்றுமே இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் எழுதவில்லை. எழுத முடியாது. குரூப் தகவலுக்கு மட்டும்தான். குட்மார்னிங், பிறந்தநாள் வாழ்த்து, சாமி படம், இரங்கல் எதுவும் கூடாது என்று விதி போட்டவர் செத்துப்போனவரேதான். மீறிப் போட்டவர்களிடம், "இது என்ன தகவலுங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கடைசியில் யாரோ துணிந்து ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். அப்புறம் அணை உடைந்து விளக்கும் பூவுமாகக் கொட்டியது. நானும் போட்டேன்.

நம் காலனிச் சங்கத்து ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். அவர் செக்ரட்டரியாக இருந்த காலம் முழுவதும் ஜாயின்ட் செக்ரட்டரியாக இருந்தவள் என்பதால் கேட்டிருக்கலாம். அவரோடு அதிகம் சண்டை போட்டவள் என்பதாலும் இருக்கலாம். புகழ்ந்து எழுத எனக்கு வராது. தபாலாபீசில் வேலை பார்த்தவள் நான். வந்ததை வந்தபடி கொடுத்துத்தான் பழக்கம்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலனியையும் ஆலை மாதிரியே நடத்தினார். சாயங்காலமானால் எல்லாத் தெருவையும் ஒரு சுற்று சுற்றி வருவார். உங்கள் வீட்டில் ஏதாவது கோளாறு என்றால் போனில் சொல்ல மாட்டார், நேரில் வருவார். வந்தால் உட்கார மாட்டார். காபி வேண்டுமா என்று கேட்டால், "காப்பி குடிச்சுட்டனுங்க, முன்பக்கம் துணி காயுதுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அந்தத் துணி உள்ளே போகும்வரை அங்கேயே நிற்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கோடையில் போர்வெல் இறங்கிப்போகும்போது தண்ணீரைத் தெருத் தெருவாக முறை வைத்து விடுவோம். வால்வைத் திறப்பதை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. அவருடைய வீடு கடைசித் தெருவில் கடைசி. அந்த வீட்டுக்குத் தண்ணீர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செக்ரட்டரி வீட்டுக்காவது முதலில் விடக் கூடாதா என்று ஒருமுறை நான் கேட்டேன். "அம்மிணி, எங்கூட்டுக்கு வந்துச்சுன்னா எல்லார்த்துக்கும் வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கலாமுங்க. மொதல்ல எனக்கு உட்டுட்டா அப்பறம் நான் எதை வெச்சுப் பாக்கறது?" என்றார். அவர் மனைவி ருக்மணி அக்கா பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்றிருந்தார். "பாக்கறதுக்கு வேற ஊடே கெடைக்கிலீங்களா இவருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

என் மகள் கல்யாணத்துக்கு வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட அனுமதி கேட்டேன். முடியாது என்றார். ஒரே நாள்தானே என்றேன். "அந்த ஒரு நாள்ல ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னா எப்படிப் போகுமுங்க?" என்றார். கல்யாண வீட்டில் இப்படியா பேசுவது என்று நான் கத்திவிட்டேன். கமிட்டியில் கூடவே இருப்பவள் என்ற தயவெல்லாம் அவரிடம் நடக்காது. கடைசியில் நம் கம்யூனிட்டி ஹாலில்தான் கல்யாணம் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு பந்தி முடியும்வரை நின்றார்.

அந்த ஹாலைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காலனி தொடங்கியபோது கோயம்புத்தூரில் யாரோ கொடுத்த ஓர் அபார்ட்மென்ட் பைலாவை, அதாவது விதிப் புத்தகத்தை, வாங்கிவந்து, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஒருவரும் முழுக்கப் படிக்கவில்லை. நமக்கு நீச்சல் குளமே கிடையாது. ஆனால் நீச்சல் குளத்துக்கு ஒரு பக்கம் விதி இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாதாம். அதே பைலாவில், ஹால் சுப காரியங்களுக்கு மட்டும் என்று ஒரு வரியும் இருந்தது. அது சரிதானே என்று எல்லோரும் நினைத்தோம், அண்ணன் உட்பட.

செல்வராஜை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இடுக்கிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், கஞ்சிக்கோட்டில் பிட்டராக வேலை பார்த்தான். இரண்டாவது தெருவில் வாடகைக்கு இருந்தான். ஒரு நாள் காலை ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுடைய அப்பா அம்மா உடுமலைப்பேட்டை வழியாக ஜீப்பில் வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை உடலை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் நம் கேட்டுக்கு வருவதற்கு முன்பே வீட்டுச் சொந்தக்காரர் துபாயிலிருந்து போன் செய்துவிட்டார். உடலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, அப்புறம் வீட்டுக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்றார். ஹாலைத் திறக்கலாமா என்று அண்ணன் நம் தலைவரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வளைகாப்பு இருந்தது. பைலாவில் இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். பைலா என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் திரும்பி கேட் பக்கம் நடந்தார்.

கேட்டுக்கு வெளியே வெயிலில் ஆம்புலன்ஸ் நின்றது. செல்வராஜின் மனைவி முருகேஸ்வரி இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். "சார், மாசாமாசம் வாடகை குடுத்த வீடுதானே? உசுரோட இருக்கிற வரைக்கும்தான் அது எங்க வீடா? எஸ்டேட் லயத்துல ஒரு ரூம்புதான் எங்களுக்கு. அங்க சாவு விழுந்தா, அடுத்த வீட்டுக்காரங்க அவங்க அடுப்பை அணைச்சுட்டு வந்து நிப்பாங்க. இங்க எங்க கொண்டு போவேன், சொல்லுங்க" என்றாள். அழக்கூட இல்லை. அண்ணன் ஆம்புலன்ஸ் பக்கம் போனார். பிறகு டிரைவரிடம், "கடைசித் தெருவுக்கு உடுங்க, கடைசி ஊடு. நம்மூடுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் பக்கத்துக் குடும்பங்களில் அயலார் பிணத்தைத் தன் வீட்டுக்குள் ஏற்றுவது என்பது நினைத்தே பார்க்காத காரியம். சொந்த அத்தை ஆஸ்பத்திரியில் செத்தாலே யார் வீட்டு வாசலில் இறக்குவது என்று அடித்துக்கொள்கிற ஜாதி நாங்கள். ருக்மணி அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "வாசல்ல எறக்க வேண்டாமுன்னு சொல்லுங்க, வெயிலு காயுது. உள்ளயே வெச்சரலாம். இந்த டீப்பாயை அந்தப்பக்கம் பிடிங்க" என்றார். நான் பிடித்தேன்.

பிற்பகலில் எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எடுத்துக்கொண்டு போய் இங்கேயே மயானத்தில் எரித்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு ருக்மணி அக்கா விளக்கு வைத்தார். விஷயம் அதோடு முடியவில்லை. அண்ணனின் பங்காளிகள் வெகுநாள் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. அவருடைய பெரியண்ணன் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போவார். அதற்கெல்லாம் அண்ணன் யாரையும் குறை சொன்னதில்லை. "அவுங்களுக்கு அவுங்க பைலா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அந்த வருடப் பொதுயோகத்தில், அதாவது எல்லா வீட்டுக்காரர்களும் கூடும் கூட்டத்தில், அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். காலனியில் யார் வீட்டில் சாவு நேர்ந்தாலும், சொந்த வீடோ வாடகை வீடோ, கேட்டால் ஹாலைத் திறந்துவிட வேண்டும் என்பது தீர்மானம். தோற்றது. அடுத்த வருடமும் கொண்டுவந்தார், தோற்றது. வருடா வருடம் கடைசித் தீர்மானம் அதுதான் என்று ஆகிவிட்டது. அது வரும்போது ஆட்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். "கல்யாணம் பண்ற எடத்துல பொணத்த வெச்சா எவனுங்க பொண்ணு குடுப்பான்?" என்று ஒருவர் கேட்டார். "நீங்க கேக்கறதும் நாயந்தானுங்க. எங்கூட்டுல சாவே உழுகாதுன்னு ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. தீர்மானத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் அண்ணன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு எதிர்த்தே கை தூக்கினார்கள்.

நான் ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் கை தூக்கினேன். பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் மகள் கல்யாணம் முடிந்துபோயிருந்தது. எனக்கு அந்த ஹாலில் இனி ஒன்றும் ஆக வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, விட்டுவிடலாமே அண்ணா, எத்தனை தடவைதான் என்றேன். "தோக்கறதுக்கு விதி ஒண்ணும் இல்லீங்களே அம்மிணி" என்றார்.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, இந்த முறை தலைவரே தாராளமாக இருந்தார். தெருவில் பந்தல் போட்டுக்கொள்ளலாம், வண்டிகளைக் கேட்டுக்கு உள்ளேயே விடலாம் என்றெல்லாம் சொன்னார். சொந்தக்காரர்கள் கடைசி வீட்டு வாசலைக் கழுவி நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வந்தது. முன்சீட்டில் இருந்த ருக்மணி அக்கா ஹாலுக்கு நேராக நிறுத்தச் சொன்னார். இறங்கினார். அண்ணனிடம் எப்போதும் இருக்கும் ஹால் சாவி கையில் இருந்தது.

"ஊட்டுக்கு வேண்டாமுங்க. இங்கயே எறக்குங்க" என்றார்.

பெரியண்ணன் ஓடிவந்தார். "என்ன பேசற ருக்கு? சொந்த ஊடு இருக்கறப்ப அனாதையாட்டம் மண்டபத்துல கெடத்தறதா? மானம் போயிரும்" என்றார். ஊட்டுக்குத்தாம்மா போகோணும் என்று மகனும் அழுதுகொண்டே சொன்னான். தலைவர் மெதுவாக, "பைலாவில்..." என்று ஆரம்பித்தார்.

"செல்வராஜ வெளிய நிறுத்துன பைலாதானுங்களே? மொதல் பொணம் யாருதுன்னுதான எல்லார்த்துக்கும் யோசனை. இவரோடதா இருக்கட்டும். செக்ரட்டரிய வெச்ச எடத்துல நாளைக்கு இன்னொருத்தரை வெக்கக் கூடாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராதுங்க" என்றார் ருக்மணி அக்கா. குரல் உயரவே இல்லை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவை அவரே திறந்தார்.

மேடையில் முந்தின வாரம் நடந்த ஒரு வளைகாப்பின் பிளாஸ்டிக் பூ வளைவு அப்படியே இருந்தது. யாரோ அதை அவசரமாகக் கழற்றப் போனார்கள். இருக்கட்டும் என்றார் அக்கா. அண்ணனை அந்த வளைவுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். பங்காளிகளில் பாதிப்பேர் வெளியிலேயே நின்றார்கள். பெரியண்ணன் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் உள்ளே வந்து தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

பொதுயோகம் கூடவில்லை, யாரும் கை தூக்கவும் இல்லை. ஆனால் விதி மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஹாலுக்குப் பதிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்கிறார்கள். ஒரு நிச்சயதார்த்தம் போய்விட்டது, ஒரு பூப்பு நன்னீராட்டு போய்விட்டது. காரணம் கேட்டால், சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், இடம் பற்றாது என்கிறார்கள்.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அது என்னுடையது. என் பேத்தியின் காதுகுத்து, வரும் தை மாதம். சம்பந்தியம்மாள் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தார். "ஏனுங்க, பொணம் வெச்ச எடத்துலயா கொழந்தையை உக்கார வெக்கறது? வேற மண்டபம் பாத்துக்கலாமுங்களே" என்றார். வேண்டுமானால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. இத்தனை வருடம் சும்மா கை தூக்கியவளுக்கு இப்போதுதான் கை வலிக்கிறது. வலிக்கட்டும், கீழே போட மாட்டேன்.

ருக்மணி அக்காவையும் நேரில் போய் அழைத்தேன். "நான் இப்ப வரலாமுங்களா?" என்று கேட்டார். நீங்கள் வந்துதான் கதவைத் திறக்க வேண்டும் என்றேன்.

நாச்சிமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அவரை எங்கே படுக்க வைத்தோமோ அதே இடத்தில் என் பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது ஹால் அதிர அழப்போகிறாள். தனியாக அழைப்பு வராது, இதுதான் அழைப்பு. எல்லோரும் வந்து, உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.