தயிராகாத பால்

"ஏனுங்க சார், உங்க பவுடரு செத்த பவுடருங்க!" என்று சொல்லி, காங்கேயம் பஸ்ஸில் வந்திறங்கிய தெய்வானை ஒரு தூக்குப்போசியை என் மேசைமேல் வைத்தார். உள்ளே பால். தயிராகாத பால்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பணியில் இருந்தபோது, நெஃப்ராட்டிக் என்ற சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளை வைத்து அங்கே ஓர் ஆய்வு நடந்தது. சிறுநீரில் புரதம் ஒழுகி இந்தக் குழந்தைகளின் முகம் வீங்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் வடியும். பலருக்கு மறுபடி வீங்கும். குடலில் நல்ல பாக்டீரியாவைச் சேர்த்தால் அது குறையுமா என்பதே கேள்வி. பாதிப் பேருக்கு பாக்டீரியா பவுடர், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. எது யாருக்கு என்று ஆய்வை நடத்திய டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; தெரிந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு.

முந்தைய முறை தெய்வானை, "எம்புள்ளைக்கு நெசப் பவுடருங்களா, டூப்ளிகேட்டுங்களா?" என்று கேட்டபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நெசப் பவுடர்ல இருக்கறது தயிர்ல இருக்கற பாக்டீரியா சாதிதானுங்க அம்மணி. வேணும்னா வெதுவெதுப்பான பால்ல போட்டுப் பாருங்க, தோஞ்சா நெசம்" என்றேன். வேடிக்கைக்குத்தான்.

பெஞ்சில் காத்திருந்த இன்னொரு குழந்தையின் அம்மா, பொள்ளாச்சிக்காரர், எட்டிப் பார்த்தார். "அட, அப்படியுங்களா?"

தெய்வானை போசியோடு வந்த அதே நாளில் பொள்ளாச்சி அம்மாவும் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "எங்கூட்டுல கெட்டியாத் தோஞ்சுதுங்க. மோர்க்கொழம்பே வெச்சுப்போட்டேன்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டரின் அறை பத்தடி தூரம். போய்ச் சொல்லவில்லை. பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, போசியைக் கழுவிக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் படமாகத் தயிர். பால் தோயாதவர்கள் பவுடரை நிறுத்தினார்கள். தோய்ந்தவர்கள் பாவம் பார்த்து, தங்கள் பவுடரில் பாதியை அவர்களுக்குப் பங்கு போட்டார்கள். யாருக்கு எது போனது என்றே தெரியாமல் ஆய்வு மூடப்பட்டது.

சில மாதம் கழித்து தெய்வானையின் மகளுக்கு மறுபடி முகம் வீங்கியது. "நெசப் பவுடரு கெடச்சிருந்தா வீங்கியிருக்காதுங்களா சார்?" என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஆய்வே.

அன்றுதான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் போசி வந்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, ரெண்டு பேரோட போயிருக்குமுங்க. மத்த கொழந்தைங்களுக்காவது ஒரு பதில் கெடச்சிருக்கும்" என்றார்.

இளைய மருந்தாளர்களே, வாய் தவறுவது எல்லோருக்கும் உண்டு. தவறிய அன்றே அந்தப் பத்தடியை நடந்துவிடுங்கள்.