ஆந்தூரியத்துக்கு நான் மாட்டிய மோட்டார்

போன வாரம் எங்கள் வீட்டில் ஓர் இலை விரிந்தது. அதற்குக் கேசரி கிண்டிக் கொண்டாடினோம்! ஒரு இலைக்கா என்று சிரிக்கிறீர்களா? முன்கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மருமகள் கவிதா மாடியில் ஓர் ஆந்தூரியம் வளர்க்கிறாள். பூவுக்காக அல்ல, இலைக்காக. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலை, கரும்பச்சையில் வெள்ளை நரம்பு, தொட்டால் வெல்வெட். விரல் நீளத் தண்டாக வாங்கி, இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

ஆபீஸ் பயிற்சிக்காக அவள் இரண்டு வாரம் பெங்களூரு போக வேண்டி வந்தது. செடியை யார் பார்ப்பது?

"நான் எதுக்கு இருக்கறேன் கண்ணு?" என்றேன்.

"வாரத்துக்கு ரெண்டு டம்ளர் தண்ணி போதுமுங்க மாமா. அதுவும் மேல காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

யாரிடம் சொல்கிறாள்? அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிங்காநல்லூரில் ஒற்றை லேத்தோடு மோட்டார் பட்டறை ஆரம்பித்தேன்; இன்றைக்குப் பல்லடம் தாண்டியும் தோட்டந்தோட்டமாக என் மோட்டார்தான் ஓடுகிறது. ஆயிரம் அடி போர்வெல்லில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றியவனுக்கு... இரண்டு டம்ளரா?

அவள் கார் தெரு முனை திரும்புவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டேன். குட்டி மோட்டார், டைமர், சொட்டுநீர்க் குழாய் — காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

"ஏனுங்க, அந்தப் புள்ள சொன்னதென்ன, நீங்க பண்றதென்ன?" என்றாள் என் மனைவி சரசு.

"உனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இரு அம்மணி."

பத்தாம் நாள் ஓர் இலை மஞ்சளாகித் தொங்கியது. வெயில் காலம், தாகம் போலிருக்கிறது என்று டைமரை மூன்று முறையாக்கினேன். மறுநாள் இன்னொன்றும் தொங்கியது. இருந்ததே நாலு இலை! நடுவில் சுருட்டிக்கொண்டு ஒரே ஒரு குருத்து...

குனிந்தபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகினால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுகிற மூக்கு இது. தொட்டியைக் கவிழ்த்தேன். வேரெல்லாம் கறுத்துக் கூழாகி, தொட்டால் கையோடு வந்தது.

போனை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் கீழே வைத்தேன். நாலாவது தடவை, "மோட்டார் மாட்டிப்போட்டேன் கண்ணு" என்றேன்.

ஸ்பீக்கரில் கவிதா கேட்டாள்: "எத்தன ஹெச்.பி.ங்க மாமா?"

சரசு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கவிதா போனிலேயே சொல்லச் சொல்ல, அழுகிய வேரையெல்லாம் பிளேடால் வெட்டினேன். மிஞ்சியது மூன்றே வெள்ளை வேர். தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து மறுபடி நட்டேன். "வேரும் மூச்சு விடோணுமுங்க மாமா. நான் வர்ற வரைக்கும் தண்ணியோட அந்தப் பக்கமே போயிறாதீங்க."

என் ஆயுசில் இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலை! தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நிற்பேன். குருத்து பிழைக்குமா, பிழைக்காதா? அவள் ஊரிலிருந்து வந்த பிறகும் ஒரு மாதம் அப்படியே நின்றேன்.

நம்மைப் போல உழைத்து மேலே வந்தவர்களுக்கு எல்லாம் இந்த வியாதி உண்டு. கொடுத்துப் பழகிய கைக்கு, எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. செடிக்கு மட்டுமா... பெற்ற பிள்ளைகளுக்கும் டைமர் போட்டுத்தானே ஊற்றுகிறோம்?

போன வாரம் குருத்து விரிந்தது. கவிதா கீழே ஓடி வந்து, "மாமா, பொழச்சுக்கிச்சுங்க!" என்றாள்.

அதுவரை சுவிட்சை மட்டும் அணைத்து வைத்திருந்த மோட்டாரை அன்றைக்கே கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் மாட்டிய ஒன்றை நானே கழற்றியது இதுதான் முதல் தடவை.

ஆனால் ஒன்று... மோட்டாரில் ஒரு குறையும் இல்லை!