ஏழுமலை நிறுத்த எண்ணெய்

பாய்லருக்கு எண்ணெய் விற்கிற வேலைக்கு எண்ணெயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாம், வாய் இருந்தால் போதும் என்று நம்பித்தான் நானும் இதில் சேர்ந்தேன். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே பை தூக்கி அலைகிற விற்பனைப் பிரதிநிதிகளே, விசிட்டர் பாஸுக்காக கேட்டில் காய்ந்து கிடப்பவர்களே, என் கதையைக் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

தீக்குச்சிப் பரீட்சை

சேர்ந்த புதிதில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னப் பட்டறைக்கு, உலையில் எரிக்கிற ஃபர்னஸ் ஆயில் சாம்பிள் கொண்டுபோனேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிற பட்டறை. முதலாளி மக்கில் கொஞ்சம் ஊற்றினார், மோந்தார். அடுத்து அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்குகிறது. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்து, அப்படியே மக்குக்குள் போட்டார்!

நான் வாசல் தாண்டி, ரோடு தாண்டி, எதிர்ப்பக்கம் டீக்கடையில் போய் நின்றேன். வெடிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் குச்சி அணைந்து கருகிக் கிடக்கிறது. இந்தக் கெட்டி எண்ணெயைச் சூடுபண்ணி, பொடித்துளியாகப் பீய்ச்சினால்தான் எரியும் என்பது அவருக்கும் தெரியாது, விற்கப்போன எனக்கும் தெரியாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், தண்ணி கலந்து எட்த்துகினு வந்துகீறியா?"

காய்கறித் தராசு

பதினொரு வருடம் வாயை வைத்தே ஓட்டிவிட்டு, ஒரகடத்தில் கார் பாகங்களுக்கு பெயிண்ட் அடிக்கிற ஓர் ஆலைக்குப் போனேன். அவர்கள் அதுவரை கருப்பு ஃபர்னஸ் ஆயில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புகை குறைவான லேசான எண்ணெய்க்கு அவர்களை மாற்றவேண்டும். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: தினமும் ஆகிற லிட்டர் குறையுமா? எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி நம்மில் யார் ஆர்டர் வாங்கியிருக்கிறோம்? "சுத்தமான எண்ணெய் சார், கண்டிப்பா குறையும்" என்று அடித்துவிட்டேன். ஆர்டர் கிடைத்தது.

அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை, மணிமங்கலத்துக்காரர், ஆலை வந்த நாளிலிருந்து இருப்பவர். எந்த லோடு வந்தாலும் அவருக்கு ஒரு வழக்கம். ஒரு லிட்டர் குவளையில் எண்ணெய் பிடித்து, காய்கறிக் கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரித் தராசில் வைத்து, எடையை பாய்லர் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். எண்ணெயை எவராவது நிறுப்பார்களா, கத்தரிக்காயா இது? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"லேசா கீது சார். லிட்டர் ஜாஸ்திதான் குடிக்கும், பாத்துக்கோ."

டிபன் கேரியரில் நூறு லிட்டர்

மூன்று வாரம் கழித்துப் போனபோது, கேட்டில் ஏழுமலையை நிறுத்திவைத்திருந்தார்கள். செக்யூரிட்டி இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஏழுமலையின் டிபன் கேரியரை அடுக்கடுக்காகத் திறந்து மோந்துகொண்டிருந்தார். ஏழுமலை மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

விசாரித்தேன், அரண்டுபோனேன். புது எண்ணெய் வந்ததிலிருந்து தினமும் நூறு லிட்டர் கூடுதலாகப் போகிறது. குறையும் என்று எண்ணெய்க் கம்பெனிக்காரனே சொல்லியிருக்கும்போது கூடுகிறதென்றால், யாரோ திருடுகிறார்கள். டேங்க் சாவி ஏழுமலையிடம். அதனால் அவரை பாய்லரிலிருந்து தூக்கி ஸ்கிராப் யார்டில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதில் கணக்குச் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். கம்பெனிக்காரன் வேறு யாருமில்லை, நான்தான். ஒரு நாளைக்கு நூறு லிட்டரை டிபன் கேரியரில் எப்படிய்யா கொண்டுபோவார் என்று இசக்கியிடம் கத்தினேன்.

"கொஞ்சம் கொஞ்சமா போவுதுன்னு மேல சொல்லுதாவ சார். தெனமும் மோந்து பாக்கச் சொன்னாவ, மோந்து பாக்கேன்."

மேசைமேல் இரண்டு குவளை

எங்கள் லேபில் இருப்பவரைப் போனில் பிடித்து, எரித்தால் இந்த எண்ணெய் எவ்வளவு சூடு கொடுக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். நான் கேட்டதில் அவருக்கே அதிர்ச்சி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் புது எண்ணெயில் சூடு கொஞ்சம் கூடுதல்தான் என்றார். ஆனால் லேசான எண்ணெய் என்பதால் ஒரு லிட்டரில் நிற்கிற எடை குறைவு. நாம் விற்பது லிட்டரில். ஆக, லிட்டருக்கு லிட்டர் சூடு குறைச்சல். அதே வேலைக்கு இன்னும் கொஞ்சம் எரிந்துதான் தீரும்.

வெள்ளிக்கிழமை ஏழுமலையின் தராசையே வாங்கிக்கொண்டுபோய் மேனேஜர் மேசைமேல் வைத்தேன். பழைய எண்ணெய் ஒரு லிட்டர் தொள்ளாயிரத்து ஐம்பது கிராம், புதுசு எண்ணூற்று ஐம்பது. "நான் சொன்னது தப்பு சார். தெரியாமல் சொன்னேன்" என்றேன். ஆர்டர் போகட்டும், அந்த மனிதர் ஓரமாகக் கைகட்டி நிற்பதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மேனேஜர் குவளைகளை மாற்றி மாற்றி வைத்து நிறுத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"செவுத்துல எழுதியிருக்கேன், செவுத்துல எழுதியிருக்கேன்னு இவரு மூணு வாரமா சொன்னாருங்க. ஒருத்தருமே போய்ப் பாக்கல."

மறுபடியும் கேட்

ஏழுமலை பாய்லருக்கே திரும்பினார். அடுத்த வாரம் ஷிப்ட் விடுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். மன்னிப்பு கேட்கவேண்டும் என்று மோட்டார் சைக்கிளிலேயே வசனம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் கேட்டுக்கு வந்தார். இசக்கி ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து சல்யூட் மாதிரி ஒன்று வைத்தார். ஏழுமலையோ டிபன் கேரியரைக் கீழே வைத்து, ஒவ்வொரு அடுக்காகத் திறந்து அவர் முன்னால் காட்டினார். இசக்கி பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணே, இனிமே வேணாம்ண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் மூடிகளைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தெரியும் சார். கை தானா தொறக்குது, நான் இன்னா பண்ண?"

தீக்குச்சி போட்டாலும் பற்றாத சரக்கைப் பதினொரு வருடமாக விற்கிறேன், அதில் சட்டென்று பற்றிக்கொண்டது என் வாய் ஒன்றுதான், வெந்தது ஏழுமலை.