லண்டனுக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

போன ஆடியில் அண்ணை லண்டனிலிருந்து பண்டத்தரிப்பு வீட்டுக்கு வந்து இறங்கியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்கு ஓடினார். ஒரு வாளி அள்ளி, அப்படியே வாய் வைத்து மடமடவென்று குடித்தார். நான் குசினி அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிப்போய் வாளியைப் பறித்தேன். பாதித் தண்ணீர் அவர் வயிற்றிலும் மீதி என் சேலையிலும் போய்விட்டது.

கத்தினதற்குக் காரணம் இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்திலில் எடுத்துப்போய்ச் சோதித்து, அதில் மலக்கிருமி இருக்கிறது, கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கிருந்து வந்தது இந்தச் சனியன் என்று தேடினால், அண்ணையின் கக்கூசிலிருந்துதான். ஊரில் நிற்கும் நாட்களில் குந்தியிருக்க முழங்கால் விடாது என்று, காசு அனுப்பி அறையோடு சேர்த்து கதிரை மாதிரி இருக்கக்கூடிய ஒரு கொமேட் கட்டுவித்திருந்தார். மேசன் இடம் தேடி அலுத்துப்போய், கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழியை வெட்டிவிட்டார். எங்கள் நிலம் முழுக்க ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல். குழியில் விட்டது கிணற்றுக்கு வர யாரிடமும் வழி கேட்காது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன்காரரும் இதைத்தான் செய்தார்கள். புதுமாதிரித் தண்ணீர்க் கக்கூசு வைத்துப் பெருமைப்பட்டு, எல்லாவற்றையும் தேம்ஸ் ஆற்றில் விட்டு, அந்த ஆற்றையே அள்ளிக் குடித்தார்கள். கொலராவில் சனம் செத்து விழ, பெரிய பெரிய டொக்டர்மார் எல்லாம் கெட்ட நாற்றம்தான் காரணம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இதை நான் அண்ணைக்குச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, உனக்கு வேறை கதையே இல்லையோ என்று கேட்டார்.

சிரிப்பும் பகிடியும் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அம்மா லண்டனில் அண்ணை வீட்டில் படுக்கையில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன. ஒரு வயிற்றோட்டம் வந்தால்கூடத் தாங்கமாட்டார் என்று அங்குள்ள டொக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மா அண்ணையிடம் கேட்டு அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய்.

கொதிக்க வைத்துத் தருகிறேன் என்றேன். கொதித்தால் ருசி போய்விடும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். நானும் விடவில்லை. லண்டனில் ஒரே ஒரு டொக்டர் குற்றம் தண்ணீரில்தான் என்று கண்டுபிடித்து, தெருவோரப் பம்பு ஒன்றின் கைப்பிடியைக் கழற்றுவித்த கதையைச் சொன்னேன். அந்தத் தெருவை விட்டுத் தூரத்தில் போய்க் குடியிருந்த ஒரு விதவை, பழைய பம்புத் தண்ணீர்தான் ருசி என்று வண்டியில் எடுப்பித்துக் குடித்தாள். அவள் புதிதாய்ப் போயிருந்த பகுதியில் வேறு ஒருவருக்கும் கொலரா இல்லை. ருசி தேடிய அவள்தான் செத்தாள்.

"அவ வெள்ளைக்காரி. எங்கடை அம்மா உந்தத் தண்ணியிலை வளந்தவ," என்றார் அண்ணை. "அவவின்ரை கடைசி ஆசை, பிள்ளை."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் கண் கலங்கினால் கிருமி சாகாதே.

பயணத்துக்கு முதல்நாள் அவர் தன் கையாலேயே அள்ளி, இரண்டு போத்தில்களில் நிரப்பி, துவாயில் சுற்றி, பெட்டிக்குள் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்தநாள் காலை கோயிலுக்குப் போனார். அவர் தலை ஒழுங்கைத் தெருவின் முடக்கில் மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். போத்தில்களைச் சுடுதண்ணீரால் கழுவி, எங்கள் கிணற்றிலேயே அள்ளிக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை நிரப்பி, அதே துவாயில் அதே மாதிரிச் சுற்றி வைத்தேன். அண்ணை திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் வலு பவ்வியமாகத் தலையைக் குனிந்தேன்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் வீடியோ கோல் எடுத்தார்கள். அண்ணை கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அம்மாவுக்குக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாயைச் சப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, இது கொதிக்க வைச்ச தண்ணியெல்லோ?"

இல்லையம்மா, நானே அள்ளின பச்சைத்தண்ணி என்று அண்ணை சத்தியம் பண்ணத் தொடங்கினார். அம்மா அவரைக் கவனிக்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓமம்மா, கொதிக்க வைச்சதுதான் என்றேன். கேட்ட ஒரு வாய்த் தண்ணீரையும் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். அண்ணை வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார்.

"கொண்ணை, இவன், என்ரை வாயிலை கடைசித் தண்ணி வாக்க ஓடித் திரிஞ்சவன்," என்றார் அம்மா. "நீ ஒருத்திதான் நான் இன்னும் இருப்பன் எண்டு நினைச்சிருக்கிறாய்."

எனக்கு அழுகை வந்தது. அம்மா அண்ணையின் பக்கம் திரும்பி, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.