ஓகே ஒட்டுகிறவர்

கைப்பிடியைப் பிடித்து அரை விரல் அளவு மேலே தூக்குகிறார். பிறகு இடது இடுப்பால் ஒரு தட்டு. டப். குளிர்சாதனப் பெட்டி மூடிக்கொள்கிறது. குளியலறைக் கதவுக்கும் இதே மரியாதைதான். பல் டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவுக்கும் ஒருமுறை இதே மரியாதை நடந்து, டாக்டர் பதறி எழுந்து வந்தார். "ஃப்ரிட்ஜ் என்ன உங்க கம்பெனியிலயா செஞ்சாங்க? அது பாட்டுக்கு மூடிக்கும், விடுங்க" என்று மனைவி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் காதில் விழுவதில்லை. காது வேறு வேலையில் இருக்கிறது. கதவு மூடிய சத்தம் சரியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

உள்நாட்டுக் கார் தொழிற்சாலையில் அவர் கடைசிப் பரிசோதகர். வரிசை முடியும் இடத்தில், வெள்ளைக் குழல் விளக்குகளுக்குக் கீழே நிற்கிறார். வருகிற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கி, முன் கண்ணாடியின் மூலையில் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அதில் 'ஓகே' என்று இருக்கும். முப்பத்தொரு வருடமாக இதுதான் பிழைப்பு. உள்ளே எல்லோருக்கும் அவர் ஓகே அண்ணன். தெருவில் ஓகேக்காரர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் நாளைக்கு முந்நூறு ஸ்டிக்கர் ஒட்டினார். மாலையில் கட்டைவிரலில் பசை காய்ந்து உரியும். இப்போது நாற்பது. சில நாள் முப்பத்தாறு. கட்டைவிரல் தேறிவிட்டது. மூன்று ஷிப்ட் ஒன்றாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் முன்பு இடம் பிடிக்கத் துண்டு போட்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு மேஜையில் உட்கார்ந்து, அடுத்த மேஜைக்காரரிடம் கத்திப் பேசுகிறார்கள்.

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விற்பனை விழுந்த ஒவ்வொரு வருடமும் வண்டியின் முன்பக்க கிரில்லை மாற்றினார்கள். அடுத்த வருடம் கம்பெனியின் சின்னத்தை மாற்றினார்கள். அதற்கடுத்த வருடம் சீருடையின் நிறத்தை. மற்ற கம்பெனி வண்டிகள் வாசலுக்குள் வரக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார்கள். அதை ஒழுங்காக மதிப்பவர் விற்பனைத் தலைவர்தான். தன் வெளிநாட்டு வண்டியைத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து கம்பெனி வண்டியில் ஏறி முந்நூறு அடி தூரம் வந்து இறங்குவார்.

வண்டிகள் நன்றாக இருந்த காலத்தில் பரிசோதனைப் பட்டியல் ஒரே பக்கம். இப்போது பதினொரு பக்கம். தரம் பதினொரு மடங்கு உயர்ந்துவிட்டது என்பதற்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு ஒரு வரம்பு உண்டு. இடைவெளி வளர வளர, வரம்பையும் கூடவே வளர்த்தார்கள். அளக்கும் தகடு தொலைந்துபோய் நாலு வருடம் ஆகிறது. இப்போது விரல்தான். "சுண்டுவிரல் போனா வரம்புக்குள்ள. மோதிர விரல் போனா மேல சொல்லணும்" என்பார் ஓகே அண்ணன். மேலே சொன்னால் என்ன ஆகும்? "மேல இருக்கறவருக்கு விரல் மெலிசு. அவருக்கு எதுவும் இடிக்காது."

இத்தனையும் தெரிந்த மனிதர், வெளியில் தன் கம்பெனியை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவார். வாடிக்கையாளர்கள் கதவு சரியாக மூடவில்லை என்று கடிதம் எழுதுவார்கள். "கதவை மூடத் தெரியாதவனுக்கெல்லாம் வண்டிய வித்தா இப்படித்தான்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுவார். பதில் கடிதமும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லும்: 'கதவை முறைப்படி மூடவும்.'

வம்பு மகள் வடிவத்தில் வந்தது. மகள் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும். பேருந்துத் தடம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஐந்து வயதுப் பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓட ஒரு கார் வேண்டும். அவளும் கணவனும் ஒரு வெளிநாட்டு வண்டியைப் பார்த்து வைத்துவிட்டு, சும்மா தகவலுக்காகச் சொன்னார்கள். ஓகே அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் உசுரோட இருக்கறப்ப என் பொண்ணு அடுத்தவன் வண்டியில போவாளா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள போறது?"

மகளுக்கு அப்பாவைத் தெரியும். "சரிப்பா. உங்க வண்டியே வாங்கறோம். ஒண்ணே ஒண்ணு. நீங்களே பாத்து எடுத்துக் குடுக்கணும். உங்க பேத்தி ஏறப்போற வண்டி. அத மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க."

"இதென்ன பெரிய விஷயம்? மைதானத்துல அறுநூறு வண்டி நிக்குது. கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுக்கலாம்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

முதல் நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். தயாரான வண்டிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. நீலத்தில் ஒன்றைக் காட்டினார். மகள் ஏறி, இறங்கி, கதவைச் சாத்தினாள். அது போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி சாத்தினாள். மறுபடி வந்தது.

"அப்படி இல்லம்மா. லேசா தூக்கு. தூக்கி, இடுப்பால ஒரு தட்டு. இதோ, இப்படி." டப்.

மகள் அப்பாவின் இடுப்பையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்பா, வண்டி வாங்கறவங்க எல்லாருக்கும் உங்க இடுப்பையும் சேத்துக் குடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். மகள் வேலைக்கு நேரமாகிறதென்று கிளம்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது. மறுநாள் உள்ளே நின்று வேடிக்கை பார்த்தார். சீட் பிரிவு அக்கா இரண்டு கையிலும் சீட் உறையோடு வந்து இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். பெயின்ட் அடிப்பவர் தட்டினார். காவலாளி தட்டினார். தர மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டே, அழகாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். தொழிற்சாலையே இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் நாற்பத்தொன்றாவது கேள்வி, 'கதவு எளிதாக மூடுகிறதா?' ஒன்பது வருடமாக, நாளுக்கு எத்தனை வண்டியோ அத்தனை தடவை, அவர் கையாலேயே 'ஆம்'. அவர் பொய் எழுதவில்லை. அவருக்கு எளிதாகத்தான் மூடியது.

அன்றிலிருந்து நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். இடுப்பை அசைக்காமல் கதவைச் சாத்தினார். தரை விரிப்பைத் தூக்கி ஈரம் பார்த்தார். பிறகு, முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக, பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். பேத்தி உட்காரும் இடம். பெல்ட்டை இழுத்து மாட்டினார். 'க்ளிக்.' அருமையான சத்தம். திடீரென்று முன்னால் சாய்ந்து பார்த்தார். பக்கிள் வாயைத் திறந்து பெல்ட்டை விட்டுவிட்டது.

அடுத்த வண்டியில் பிடித்தது. அதற்கடுத்ததில் விட்டது. பட்டியலில் இதற்கும் கேள்வி இருந்தது: 'க்ளிக் ஒலி கேட்கிறதா?' கேட்கிறது. பிடிக்கிறதா என்று பதினொரு பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஊழியர் வண்டி வாங்கும் படிவத்தில், வேண்டாமென்று ஒதுக்கும் வண்டியின் எண்ணையும் காரணத்தையும் எழுத வேண்டும். பத்து நாளில் பத்தொன்பது எண்கள், பத்தொன்பது காரணங்கள். கம்பெனி பல வருடமாகத் தயாரித்த தர அறிக்கைகளில் உண்மை எழுதியிருந்தது அந்த ஒன்றில்தான். அதைக் கையில் பிடித்தபடி தர மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். இளைஞர். பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். நொறுங்குவதில் அனுபவம் உண்டு.

"என்னண்ணே இது? பத்தொன்பது வண்டி வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. பதினேழுல நீங்களே ஓகே ஒட்டியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இதுல எது சரி?"

"ரெண்டும் சரிதான் சார். காலையில கம்பெனிக்குப் பாத்தேன். சாயங்காலம் பேத்திக்குப் பாத்தேன்."

மேலாளர் வாசற்கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, உங்களுக்கு இன்னும் அஞ்சு மாசந்தான். பென்ஷன் ஃபைல் என் மேஜையிலதான் கெடக்கு. உங்க பொண்ணுக்கு என்ன வேணுமோ, எத்தன நாள் வேணுமோ எடுத்துக்கங்க. நல்லதா ஒண்ணு பண்ணிக் குடுங்க. இந்தப் பேப்பர மட்டும் என்கிட்ட விட்ருங்க."

"அப்ப அந்த பக்கிள் சார்?"

"சத்தம் வருதுல்ல?"

"வருது."

"அப்பறம் என்னண்ணே."

குறை சொன்னால் நடவடிக்கை இல்லை என்பது பொய்ப் பிரச்சாரம். மறுநாளே நடவடிக்கை எடுத்தார்கள். புதிய ஊழியர் படிவம் வந்தது. அதில் காரணம் எழுதும் கட்டம் இல்லை.

ஓகே அண்ணன் இருபதாவது வண்டியை எடுத்துக்கொண்டார். இளம்பச்சை. மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் அதன் கதவுக் கீல்களைக் கழற்றித் தகடு வைத்து நேராக்கினார். சீட் பிரிவு அக்கா பழைய இருப்பில் தேடிப் பின் சீட்டுக்கு நல்ல பக்கிள்கள் கொண்டுவந்தாள். "இதுல யானைய கட்டி வெச்சாலும் விடாதுண்ணே. வேணும்னா என்னையே கட்டிப் பாருங்க" என்று உட்கார்ந்து காட்டினாள். பெயின்ட்காரர் வந்து விளிம்புகளைத் தடவிக் கொடுத்தார். மழைநீர்ச் சோதனையில் பத்து நிமிடம் நின்றும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்த மாதம் தொழிற்சாலை ஒரு காரைத் தயாரித்தது. மற்றவை வரிசையிலிருந்து சும்மா வெளியே வந்தன.

சனிக்கிழமை காலை, வண்டிகளை ஒப்படைக்கும் முற்றம். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பேத்தி பின் சீட்டில் ஏறி, தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நீல வண்டி. கண்ணாடியில் பச்சை வட்டம். எண்ணைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் படிவத்தில் ஆறாவதாக எழுதிய எண். காரணம்: பின் சீட் பக்கிள் பிடிக்கவில்லை.

நீல வண்டிக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி, நாலு வயது மகன். சாவியைக் கையில் வாங்கிய குஷியில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சீருடையைப் பார்த்ததும் ஓகே அண்ணனிடம் வந்தார்.

"சார், கண்ணாடியில ஓகே ஒட்டறது நீங்கதான்னு காவலாளி சொன்னாரு. எங்க வீட்டுக்கு இதான் முத வண்டி. எல்லாரும் வெளிநாட்டு வண்டி எடுக்கச் சொன்னாங்க. நான்தான், இல்ல, நம்ம ஆளுங்க பாத்துச் செஞ்சதுதான் வேணும்னு புடிவாதமா நின்னேன்."

"சந்தோஷம் சார்" என்றார் ஓகே அண்ணன். "பொறுமையா ஓட்டுங்க."

"பொறுமையாவா? எங்க, இவன் விட்டாத்தானே! கடல் பாக்கணுமாம். நேரா அங்கதான் போறோம்." வாத்தியார் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். அவர் மனைவி பின்னால் குனிந்து, பையனுக்குப் பெல்ட்டை மாட்டினார்.

'க்ளிக்.'

"என்னமா சத்தம் கேக்குது பாருங்க! நல்ல கெட்டியா இருக்கு" என்றார் அந்த அம்மா.

முற்றத்தின் மறுமுனையில் தர மேலாளர் புகைப்படக்காரரோடு வந்துகொண்டிருந்தார். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். பையன் துள்ளத் துவங்கியிருந்தான்.

"அப்பா, வாங்க, ஏறுங்க! எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று இளம்பச்சை வண்டியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"இதோ வர்றேம்மா."

அவர் நீல வண்டியின் பக்கம் நடந்தார். வாத்தியார், ஏதோ வாழ்த்துச் சொல்ல வருகிறார் என்று கண்ணாடியை முழுசாக இறக்கினார். ஓகே அண்ணன் சன்னல் வழியாகக் கையை விட்டு எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.