பொன்னாயி காய்ச்சிய உப்பு

உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக அரிந்து கொடுத்தது பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலர் பொன்னாயிதான். இருபத்து மூன்று வில்லைகள், எல்லாம் ஒரே கனம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வினோதினி டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டு, சத்துணவு உப்பிலும் ஒரு சிட்டிகை வேண்டும் என்று கேட்டாள். சிட்டிகை என்ன, ஒரு கரண்டி நிறையவே பொன்னாயி அள்ளிக் கொடுத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

குரும்பலூரைத் தாண்டி உள்ளே போகிற மினி பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் அது. தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் குருமூர்த்தி சார் இன்னும் ஒன்றரை வருடத்தை வம்பு தும்பு இல்லாமல் ஓட்டிவிட்டால் போதும் என்று இருப்பவர். வினோதினி அப்படி இல்லை. எதையும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பாள். ஊரும் அவளுக்குக் கை கொடுத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. சோதனைச் சாமான் வைக்க இரும்பு அலமாரியும் பெரிய பூதக்கண்ணாடி ஆறும் ஊர்ப் பண்ணைக்காரர் அமிர்தலிங்கத்தின் வீட்டிலிருந்து வந்தவை. அவருடைய மனைவி புஷ்பவல்லிதான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. அலமாரி கொடுத்த கை என்பதால் பள்ளிக்கூடத்தில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தே ஒலிக்கும்.

அன்றைய சோதனை உப்புச் சோதனை. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்திருந்தார்கள். கிழங்கு வில்லையில் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் விட்டு, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட வேண்டும். அயோடின் சேர்த்த உப்பு என்றால் நீலம் ஏறும். பதினேழு வீட்டு உப்பு நீலமாயிற்று. ஐந்து வீட்டு உப்பு ஆகவில்லை. இருபத்து மூன்றாவது வில்லை பள்ளிக்கூடத்து உப்பு. பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக் குனிந்து பார்த்தார்கள். அது வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது.

பள்ளிக்கூடம் விட்டபோது, சத்துணவு உப்பில் சத்து இல்லை என்பதுதான் பேச்சு. அது தண்ணீர்க் குழாயடிக்குப் போனபோது அரசாங்க உப்பு மாறிவிட்டது என்று ஆயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, பொன்னாயி அரசாங்க உப்பை விற்றுவிட்டு மட்ட உப்பைப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஆக்குகிறாள் என்று முடிந்துவிட்டது. நீலம் ஏறாத அந்த ஐந்து வீட்டைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா என்று கேட்காதீர்கள். அதில் ஒன்று டீக்கடை வீடு, ஒன்று பால்காரர் வீடு. அவர்கள் எல்லாம் தெரியாமல் வாங்கிவிட்டவர்கள். பொன்னாயி மட்டும் திருடி.

பொன்னாயியின் மாமனார் அமிர்தலிங்கத்தின் அப்பாவிடம் பண்ணை வேலை பார்த்தவர். அவள் புருஷன் ராசாங்கம் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற ஆள். மகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். எட்டாவது வரை படித்த அவளுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் சமையலர் வேலை கிடைத்தபோது, அவள் தெருவிலிருந்து அரசாங்க உத்தரவு வாங்கிய முதல் பெண் அவள்தான். முதல் மாதம் அவள் ஆக்கிய சோற்றைப் பாதிப் பிள்ளைகள் தொடவில்லை. வயிற்று வலி, காய்ச்சல், பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று ஆளுக்கு ஒரு காரணம். உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அப்படி வந்தவர்களில் புஷ்பவல்லியின் மகனும் ஒருவன். அவன் சாப்பிட உட்கார்ந்த மூன்றாம் நாளே புஷ்பவல்லி அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். வெள்ளைச் சோற்றில் கறுப்பாக இரண்டு மூன்று புள்ளிகள். "இது என்ன அழுக்கு? கைய கழுவிட்டுத்தான் ஆக்குறியா நீ?" என்று அத்தனை பிள்ளைகள் முன்னாலும் கேட்டாள். புஷ்பவல்லி பொன்னாயியைவிடப் பத்து வயது சின்னவள்.

அன்று எல்லோரும் போன பிறகு பொன்னாயி அரிசியைப் பார்த்தாள், பருப்பைப் பார்த்தாள். கடைசியில் உப்பைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது கறுப்புப் புள்ளி அதில்தான் இருந்தது. அரசாங்கத்து உப்பில் தூசி என்று எண்ணிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்ததும் உப்பைத் தண்ணீரில் கரைப்பாள். நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுவாள். கறுப்பு வண்டலைக் கீழே ஊற்றிவிட்டு, தெளிந்த நீரை இரும்புச் சட்டியில் காய்ச்சி, மறுபடி உப்பாக வறட்டி எடுப்பாள். முதுகு ஒடிகிற வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. தன் உப்பைப் போல வெள்ளை உப்பு ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

அதனால்தான் அந்தச் சோதனை அவளுக்கு விளங்கவே இல்லை. ஊரிலேயே சுத்தமான உப்பு எப்படித் தோற்கும்? மறுநாள் முப்பத்தைந்து பிள்ளைகளில் பதினான்கு பேர் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவந்தார்கள். ஒன்பது வருடம் பின்னால் போனதுபோல் இருந்தது. மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி பி.டி.ஓ. ஆபீசுக்கு மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை குழுக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று தெருவில் சொன்னார்கள். ராசாங்கம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆலைக்குப் போகிற டிராக்டரில் எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்றான்.

திங்கட்கிழமை மதியம் கூட்டம். குழு உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொன்னாயி கதவோரம் நின்றாள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். புஷ்பவல்லி மனுவை எடுத்து நீட்டினாள். குருமூர்த்தி சார் கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார்.

வினோதினிக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. சோதனை தன்னுடையது. அது ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்கப் போகிறது. அலமாரி கொடுத்தவர்களை எதிர்த்துப் பேசவும் தயக்கம். ஆனாலும் எழுந்து, சோதனை இன்னும் முடியவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது என்றாள். ஸ்டோர் ரூமிலிருந்து பிரிக்காத உப்புப் பாக்கெட்டை எல்லோர் முன்னாலும் பிரித்தாள். புஷ்பவல்லியின் மகள் தென்றலைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னாள். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் வில்லை நீலமாயிற்று.

"பாத்தீங்களா, வர்ற உப்பு நல்ல உப்பு. நடுவுலதான் மாறியிருக்கு" என்றாள் புஷ்பவல்லி.

வினோதினி பொன்னாயியிடம் திரும்பி, "அக்கா, இந்தப் பாக்கெட்ட நீங்க என்ன செய்வீங்களோ அத இப்ப செய்யுங்க" என்றாள்.

பொன்னாயி சமையலறையிலிருந்து சின்ன அடுப்பையும் சட்டியையும் கொண்டுவந்து செய்தாள். ஒரு கை உப்பைக் கரைத்தாள், துணியில் வடித்தாள், சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் சுண்டி உப்பு விளிம்பில் பூத்தது. அந்த உப்பைத் தென்றல் வில்லையில் தூவி, சாறு விட்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வெள்ளையாகவே இருந்தது.

வினோதினி பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை உரக்கப் படித்தாள். அயோடினும் இரும்புச் சத்தும் சேர்த்தது. அந்தக் கறுப்புப் புள்ளிதான் இரும்புச் சத்து. அயோடின் சட்டிச் சூட்டில் ஆவியாகப் போய்விட்டது, இரும்பு துணியில் தங்கிவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலப் பெரியவர்களுக்கும் சொன்னாள். குழுவில் இருந்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள்.

புஷ்பவல்லி விடவில்லை. "யாரு ஒன்ன இப்படிச் செய்யச் சொன்னது?"

பொன்னாயி தலை நிமிர்ந்தாள். "நீங்கதாங்க."

"நானா?"

"ஒங்க மவன் ஒண்ணாவது படிக்கறப்ப. சோத்துல அழுக்கு இருக்குன்னு தட்ட எடுத்துட்டு வந்தீங்க. கைய கழுவிட்டுத்தான் ஆக்குறியான்னு கேட்டீங்க. அதுலேர்ந்து நான் உப்பையும் கழுவிட்டுத்தாங்க ஆக்குறேன்."

புஷ்பவல்லி புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். நடிப்பு இல்லை, அவளுக்கு உண்மையிலேயே நினைவு வரவில்லை. பொன்னாயி ஒன்பது வருடம் சுமந்ததை அவள் அன்று சாயங்காலமே மறந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் தட்டை நினைத்துக்கூட இல்லை, இந்த மறதியை நினைத்துத்தான்.

மனு மடித்துப் பைக்குள் போயிற்று. குருமூர்த்தி சார் தீர்மான நோட்டில், சத்துணவு உப்பைப் பயன்படுத்தும் முறை குறித்துச் சமையலருக்கு அறிவுரை வழங்கப்பட்டது என்று எழுதினார். திருடி என்று சொன்னதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வினோதினிக்குப் பொறுக்கவில்லை. பொன்னாயிக்கா மேல் தப்பு இல்லை என்று ஒரு வரி போடுங்கள் என்றாள். சார் புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் எழுத வேணாம் டீச்சர்" என்றாள் பொன்னாயி. அவள் கண் வடிகட்டிய துணியின் மேலேயே இருந்தது. "நான் திருடலதான். ஆனா புள்ளைங்களுக்குன்னு வந்தத நாந்தான வாரா வாரம் கீழ ஊத்தியிருக்கேன். ஒம்பது வருசமா சாப்புட்ட புள்ளைங்க பேரு பூரா ரிஜிஸ்டர்ல இருக்கும். அத்தன பேத்துக்கும் ஆஸ்பத்திரில ரத்தம் பாக்கணும்னு எழுதுங்க."

சார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புஷ்பவல்லி ஜன்னலோரம் நின்ற தன் மகளின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். பள்ளி மருத்துவ முகாமில் தென்றலுக்கு ரத்தம் குறைவு என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார்கள்.

"எழுதுங்க சார்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தையும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

பொன்னாயி கையெழுத்துப் போட்டாள். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் திருடி என்று சொன்ன நான்கு நாளும் அழாதவள், அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டு அன்றுதான் அழுதாள்.